காற்று எச்சரிக்கையும் டோக்கனும்: நிச்சயமின்மை ஆய்வுகள் நம் கடற்கரைக்கு என்ன சொல்கின்றன?

தங்கச்சிமடம்_மலர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நிச்சயமின்மையை ஒவ்வொரு கல்வித்துறையும் எப்படி ஆராய்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மண்டபத்தில் மீனவர் சங்கக் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடையில் சொல்வதற்கு முன்னால் இங்கே வைக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் குறுக்குக் கேள்வி கேட்டால் பேச்சு தேறும்.

என் கருத்து இதுதான். பலத்த காற்று என்று எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு டோக்கன் (படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை ஆபீசில் கொடுக்கும் அனுமதிச் சீட்டு) கிடையாது. வானிலை விஞ்ஞானிகள் கையில் இருக்கும்போது அந்த எச்சரிக்கைக்குள் ஒரு நிகழ்தகவு இருக்கிறது. டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு வரும்போது போகலாம், போகக் கூடாது என்ற இரண்டே பதிலாகச் சுருங்கிவிடுகிறது. அந்த எண்ணைக் கரை வரைக்கும் கொண்டுவர வேண்டும். அது மீனவருடைய உரிமை.

கொஞ்சம் பின்னணி. பொருளாதாரத்தில் பிராங்க் நைட் 1921-இல் ஒரு கோடு போட்டார். என்னென்ன நடக்கலாம், எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட முடிந்தால் அது இடர். கணக்கே போட முடியாதது நிச்சயமின்மை. காப்பீடு முதலாவதற்குத்தான் விலை போடும். அதே ஆண்டில் கெயின்ஸும், எல்லா நிகழ்தகவையும் எண்ணாகச் சொல்லிவிட முடியாது என்று எழுதினார்.

வானிலையியல் வேறு வழியாக வந்தது. 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினி மாதிரியை மறுபடி ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். முதலில் பழைய ஓட்டத்தோடு ஒத்துப் போனது, போகப் போக முற்றிலும் வேறு வானிலையாக மாறிவிட்டது. 1963-இல் அது கட்டுரையாக வந்தது. அதன் நேர் வாரிசுதான் இன்றைய பல்லோட்ட முன்னறிவிப்பு: தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஒரே மாதிரியைப் பல தடவை ஓட்டுவது. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் 1992 டிசம்பரில் இதை அன்றாட வேலையாக்கியது. இந்தியாவில் 2018 ஜூன் முதல் 12 கிலோமீட்டர் நுணுக்கத்தில் 21 ஓட்டங்கள் போகின்றன. 21-இல் எத்தனை ஓட்டம் பலத்த காற்று காட்டுகிறது என்பதே ஒரு தகவல். அதுதான் நமக்கு வந்து சேர்வதில்லை.

புரெவிப் புயலை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு இலங்கையைக் கடந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் கரையேறும் என்று எதிர்பார்த்தோம். மன்னார் வளைகுடாவுக்குள் வந்து வலுக்குறைந்து, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் ஒரு நாளுக்கு மேல் ஏறக்குறைய அசையாமல் நின்றது. நாம் காற்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எச்சரிக்கை பொய் என்று பலர் பேசினார்கள். அது பொய்யில்லை. பாதை எவ்வளவு அகலமாக விரியலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

தெற்குவாடி_டிரைவர்

தங்கச்சி, நல்ல வேலை செய்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். எண்ணைக் கொடு என்கிறீர்களே, யார் கையில் கொடுப்பது? ஓனர் கரையில் இருப்பார். கடலில் இருக்கப்போவது நானும் கூட வருகிற பிள்ளைகளும். "முப்பது சதவீதம்தானே, போயிட்டு வாங்க" என்று அவர் சொன்னால் நான் எப்படி மறுப்பேன்? முன்பணம் வாங்கியிருக்கிறேன். டோக்கன் இல்லை என்று ஆபீசில் சொன்னால் ஓனருக்கும் பேச்சில்லை, எனக்கும் பேச்சில்லை, வீட்டில் கிடக்கலாம். அந்த "இல்லை" என்ற ஒரு சொல் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு. அதைக் கலைத்துவிடாதீர்கள்.

விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல், மீதி நாட்டுப்படகுக்கு. அந்த மூன்றில் ஒன்று போனால் டீசல் கடன், ஐஸ் கடன் எல்லாம் அடுத்த தடவைக் கணக்கில் ஏறும். அதனால் ஓனரையும் குறை சொல்ல முடியாது, அவர் கணக்கு அவருக்கு. எண் வந்தால் அந்தக் கணக்கில்தான் போய் விழும் என்பதுதான் என் பயம்.

ராம்நாட்_புள்ளியியல்

டிரைவர் அண்ணன் சொன்னதில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. இதற்கு வானிலைப் பொருளாதாரத்தில் ஒரு எளிய கணக்கு உண்டு. தற்காத்துக்கொள்ள ஆகும் செலவை, தற்காக்காமல் விட்டால் வரும் இழப்பால் வகுங்கள். ஆபத்தின் நிகழ்தகவு அந்த விடையைத் தாண்டினால் வீட்டில் இருப்பது சரி. ஒரு நாள் மீன்பாடு போனால் 5,000 ரூபாய் நட்டம், படகும் வலையும் போனால் 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் எல்லை ஒரு சதவீதம். அதற்கு மேல் எந்த எண்ணாக இருந்தாலும் போகக் கூடாது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. முதலாவது, எல்லை ஆளுக்கு ஆள் மாறும். கரையோரம் போகிற வத்தைக்கும் ஆழத்துக்குப் போகிற விசைப்படகுக்கும் ஆபத்தான காற்றின் வேகமே வேறு, நட்டமும் வேறு. எல்லோருக்கும் ஒரே பதிலைக் கொடுத்தால் சிலர் வீணாகக் கரையில் கிடப்பார்கள், சிலர் தேவையில்லாமல் ஆபத்தில் போவார்கள். மலருடைய வாதத்துக்கு இது பலம். இரண்டாவது, செலவை ஏற்பவரும் இழப்பை ஏற்பவரும் ஒரே ஆள் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. நம் படகில் ஒருவர் டீசலுக்குப் பணம் போடுகிறார், இன்னொருவர் உயிரைப் போடுகிறார். கணக்கு அந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது. டிரைவர் அண்ணன் சொல்வதற்கு இது பலம்.

உளவியல் பக்கமும் பார்க்க வேண்டும். நாளைக்கு மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்றால் என்ன என்று கிகரென்சர் என்ற உளவியலாளரின் குழு ஐந்து நகரங்களில் கேட்டது. 2005-இல் முடிவு வந்தது. ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலன், நியூயார்க். நாளில் 30 சதவீத நேரம் பெய்யும் என்றார்கள் சிலர், ஊரில் 30 சதவீத இடத்தில் பெய்யும் என்றார்கள் சிலர். இதுபோன்ற நிலைமை உள்ள நூறு நாளில் முப்பது நாள் பெய்யும் என்ற சரியான பொருளைப் பெரும்பாலானவர்கள் சொன்னது நியூயார்க்கில் மட்டும்தான். அங்கே பல பத்தாண்டுகளாகச் சதவீதத்தில் கேட்டுப் பழகிவிட்டார்கள். பழகினால் வரும் என்பதற்கு அது சாட்சி.

பழக்க வேண்டியவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய வானிலைத் துறையின் அளவுகோலில் 25 முதல் 50 சதவீதம் என்று குறிக்கும் "likely" என்ற அதே சொல்லை, பருவநிலைக்கான ஐ.நா. குழு 66 சதவீதத்துக்கு மேல் என்று வைத்திருக்கிறது. அதனால் சொல்லோடு எண்ணும் சேர்ந்தே வரவேண்டும்.

பெரியபட்டினம்_ரஹ்மான்

அக்கா, நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ஹைசன்பர்க் 1927-இல் சொன்னாரே, இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாகப் பெற முடியாது என்று. அதற்கும் வானிலையின் நிச்சயமின்மைக்கும் தொடர்பு உண்டா?

தங்கச்சிமடம்_மலர்

இல்லை தம்பி. ஹைசன்பர்க் சொன்னது அணு அளவில் இயற்கையிலேயே உள்ள எல்லை, எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் போகாது. லோரன்ஸின் சமன்பாடுகளில் தற்செயல் என்பதே கிடையாது. தொடக்கம் முழுத் துல்லியமாகத் தெரிந்தால் முடிவும் தெரியும். அந்தத் துல்லியம் நமக்கு ஒருபோதும் கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

கீழக்கரை_மருத்துவர்

மருத்துவத்தில் இதே சண்டை வெகுகாலமாக உண்டு. ரெனே பாக்ஸ் என்ற சமூகவியலாளர் மருத்துவ மாணவர்களைக் கூடவே இருந்து பார்த்து 1957-இல் எழுதினார். மாணவருக்கு மூன்று வகை நிச்சயமின்மை. தான் இன்னும் முழுதாகப் படிக்காததால் வருவது ஒன்று. மருத்துவத்துக்கே விடை தெரியாததால் வருவது இரண்டு. தனக்குத் தெரியாதது இந்த இரண்டில் எது என்று பிரித்தறிய முடியாதது மூன்று. என் அனுபவத்தில் மூன்றாவதுதான் ஆளை ஆட்டிவைக்கும்.

புரெவி நேரத்தில் "எச்சரிக்கை பொய்" என்று பேசியவர்களுக்கு இருந்ததும் இந்த மூன்றாவதுதான். ஆபீசில் இருப்பவருக்குத் தெரியவில்லையா, உலகத்தில் யாருக்குமே தெரியாதா என்று கரையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை என்றால் அவர் ஆபீசரைத்தான் சந்தேகப்படுவார்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒப்புதல் வாங்குகிறோம். எண்ணைச் சொல்லிவிட்டு முடிவை நோயாளி தலையில் போடுவது பாதி வேலைதான். எண்ணைச் சொல்லி, இந்த நிலைமையில் நான் என்ன செய்வேன் என்றும் சொன்னால்தான் அவருக்கு உதவி. இரண்டும் சேர்ந்து வரட்டும்.

ரஹ்மான்: டாக்டர் காக்கா, மூன்றாவது வகை எங்கள் ஆய்வகத்தில் தினமும் நடக்கிறது. கருவி கோளாறா, நான் கோளாறா என்றே தெரியாது.

பாம்பன்_பழையவர்

துறைமுக வேலையில் இருந்தவன் நான். எல்லோரும் மேல்நாட்டு ஆய்வு பேசுகிறீர்கள். பாம்பனில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிப் பேசுங்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்கும். ஆங்கிலேயர் காலத்திலிருந்து நிச்சயமின்மையைக் கரைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற ஏற்பாடு அதுதான்.

எண் ஏற ஏற ஆபத்து ஏறும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. 1, 2 தூரத்துக் கடலில் உள்ளதைச் சொல்லும். 3, 4 துறைமுகத்துக்கே வரக்கூடியது. 5, 6, 7 மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு புயலுக்கு. 5 என்றால் புயல் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம், 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிகப் பக்கத்திலோ கடக்கும். 8, 9, 10 அதே வரிசை, தீவிரப் புயலுக்கு. நம் பக்கத்துப் புயலில் போகிற திசைக்கு வலப்பக்கம்தான் பொதுவாகக் காற்று அதிகம். ஆக 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம், பாதை நமக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வி. புயல் கொஞ்சம் திரும்பினால் கூண்டும் மாறும். "நேற்று 7, இன்றைக்கு 5, அப்போ குறைந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வலையை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதறிப்போய்க் கூப்பிட்டு நிறுத்துவேன்.

அப்புறம் 11. அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் ஆபத்து உண்டு என்று உள்ளூர் அதிகாரி தானாகக் கருதுகிறார் என்பதுதான் 11-இன் பொருள். அதாவது, எங்களுக்குத் தகவல் இல்லை, இருந்தாலும் எச்சரிக்கிறோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன இரவில் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தத் தீவு பார்த்துவிட்டது. தெரியாது என்பதற்கே ஒரு கூண்டு வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

தங்கச்சிமடம்_மலர்

ஐயா, நீங்கள் சொன்ன 11-ஆம் கூண்டு என் ஆய்வுக்கே நேராக வந்து நிற்கிறது. ஆண்டி ஸ்டிர்லிங் என்பவர் நைட்டின் கோட்டை இன்னும் விரித்தார். என்ன நடக்கலாம் என்பது தெரியுமா, எவ்வளவு வாய்ப்பு என்பது தெரியுமா, இந்த இரண்டு கேள்வியை வைத்து நான்கு கட்டம் போட்டார். இரண்டும் தெரிந்தால் இடர். வாய்ப்பு மட்டும் தெரியாவிட்டால் நிச்சயமின்மை. எதை ஆபத்து என்பது என்பதிலேயே ஆட்கள் உடன்படாவிட்டால் இருபொருள் நிலை. இரண்டும் தெரியாவிட்டால் அறியாமை. எல்லாவற்றையும் முதல் கட்டத்துக்குள் அடைத்துவிட அரசுகளும் நிறுவனங்களும் அவசரப்படுகின்றன என்பது அவருடைய விமர்சனம். 1 முதல் 10 வரை உள்ள கூண்டுகள் முதல் கட்டத்துக்குள் நிற்கப் பார்க்கின்றன. 11 நான்காவது கட்டத்தை வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறது.

தொண்டி_கடல்

அறியாமை என்று வந்ததால் கடல் அட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2001-இல் எல்லா வகை அட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு உள்ள அதே அட்டவணை. கடலுக்கடியில் எவ்வளவு இருந்தது, எந்த இனம் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கை மூழ்கி எடுத்த ஆட்களிடம் வைத்துவிட்டுத் தடை போட்டார்களா? இல்லை. தெரியாதபோது காப்பது நல்லது என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் தடை வந்தபின் என்ன ஆனது பாருங்கள். மீன் இருப்பைக் கணிப்பவர்கள் கரையிறங்கும் மீனை வைத்துத்தான் கணிக்கிறார்கள். 1947-இல் தொடங்கி நம் மண்டபத்தில் வெகுகாலம் இயங்கிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இறங்குதளங்களையும் நாட்களையும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து மதிப்பிடும் முறையை வளர்த்தது. சட்டப்படி இறங்காத உயிருக்கு அந்தக் கணக்கு எப்படி வரும்? தெரியாது என்று தடை போட்டோம், தடையால் தெரியவரும் வழியும் அடைபட்டது. எதிர்க்கரையில் இலங்கையில் உரிமம் கொடுத்து எடுக்கிறார்கள். ஒரே கடல்.

முன்னெச்சரிக்கை என்று வந்தால் கூடவே அளக்கும் ஏற்பாடும் வரவேண்டும். அட்டை எடுத்து வாழ்ந்த குடும்பங்களையே அளக்கும் வேலைக்கு எடுத்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதுகுளத்தூர்_வக்கீல்

ஆபீசர் ஏன் "போகக் கூடாது" என்றே சொல்கிறார் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பதில் உண்டு. இத்தாலியில் லாக்கிலா நகரத்தில் 2009 ஏப்ரல் 6-இல் நிலநடுக்கம், 309 பேர் இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். பேரிடர்த் துறை அதிகாரி ஒருவர் ஆபத்தில்லை என்ற தொனியில் தொலைக்காட்சியில் பேசினார். 2012-இல் அந்த அதிகாரியோடு சேர்த்து ஏழு பேருக்கும் ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது நீதிமன்றம். 2014-இல் மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகள் விடுதலையானார்கள், அந்த அதிகாரிக்குத் தண்டனை இரண்டாண்டாகக் குறைந்தது. உலகமெங்கும் உள்ள அதிகாரிகள் இதிலிருந்து படித்த பாடம் ஒன்றுதான். அபாயம் என்று சொல்லி அது வராவிட்டால் திட்டுதான் விழும், அபாயமில்லை என்று சொல்லி அது வந்துவிட்டால் வழக்கு விழும். நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் டோக்கனை நிறுத்துவேன்.

அதனால், எண்ணைச் சொன்ன அதிகாரிக்குப் பாதுகாப்பு இல்லாமல் எண் வராது. எழுபது சதவீதம் என்று சொன்னவர் அன்றைக்குக் காற்று வராததால் தவறு செய்தவர் ஆகமாட்டார். அந்த விளக்கம் விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

தெற்குவாடி_டிரைவர்

வக்கீல் சார் சொன்னது நியாயம். இன்னொன்று. எச்சரிக்கை மாவட்டம் முழுக்க ஒன்றாக வருகிறது. எங்களுக்குக் கடல் இரண்டு: பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடை அடிக்கிற காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அன்றைக்குப் படுத்திருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நேர்மாறு. பாம்பன் பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதற்கு எண் என்ன செய்யும்?

தங்கச்சிமடம்_மலர்

அண்ணே, இதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். செர்னோபில் விபத்துக்குப் பின் 1986 ஜூனில் கம்பிரியா மலைப்பகுதி ஆடுகளை விற்கத் தடை போட்டார்கள், மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். களிமண் நிலத்தில் கதிரியக்கச் சீசியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. மலைமண் அமிலமும் மட்கும் கலந்தது, அங்கே அது புல்லுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012-இல். அந்த மேய்ப்பர்களிடம் பேசிய பிரையன் வின் என்ற சமூகவியலாளர் கண்டது இது: எந்தச் சரிவில் எந்தப் புல், ஆடு எப்போது எங்கே மேயும் என்று அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை. விஞ்ஞானிகளின் எண்ணில் இருந்த உறுதிதான் மேய்ப்பர்களுக்கு அவநம்பிக்கையைக் கொடுத்தது.

வடகடல், தென்கடல் என்று பிரித்த எச்சரிக்கை வேண்டும் என்பதைச் சங்கக் கூட்டத்தில் முதல் கோரிக்கையாக வைக்கலாம். இரண்டாவது, எண் வெளியில் வரட்டும், ஆனால் குறிப்பிட்ட எல்லைக்கு மேலே போனால் டோக்கன் நிறுத்தம் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே இருக்கும் நாட்களில் போகமாட்டேன் என்று சொல்ல டிரைவருக்கும் கூட வருபவர்களுக்கும் எழுத்தில் உரிமை வேண்டும், முன்பணத்தைக் காட்டி அதை மறுக்கக் கூடாது. அண்ணே, இது உங்கள் கேள்வியிலிருந்து வந்தது.

ராம்நாட்_புள்ளியியல்

கோரிக்கையோடு ஆதாரமும் இருந்தால் நல்லது. தினமும் முன்னறிவிப்பையும் அடித்த காற்றையும் எழுத ஒரு நோட்டுப் போடுவோம். கிளென் பிரையர் என்பவர் 1950-இல் ஒரு மதிப்பெண் முறை கொடுத்தார். காற்று வந்தால் 1, வராவிட்டால் 0. முன்னறிவிப்பு 0.7 என்று சொல்லி, காற்று வந்தால் வித்தியாசம் 0.3, அதன் வர்க்கம் 0.09. வராவிட்டால் 0.49. எல்லா நாளுக்கும் கூட்டிச் சராசரி எடுங்கள், குறைந்தால் நல்லது. எச்சரிக்கை வந்த பத்து நாளில் மூன்று நாள்தான் காற்று அடித்தது என்று வையுங்கள். கட்டாயம் அடிக்கும் என்று பத்து நாளும் சொன்னவருக்கு 0.7 வரும். 30 சதவீதம் என்று பத்து நாளும் சொன்னவருக்கு 0.21. உண்டு இல்லை என்று மட்டும் சொல்வதில் எவ்வளவு இழக்கிறோம் என்பதை இதை வைத்து ஆபீசில் காட்டலாம். அனுபவஸ்தர்கள் முதல் நாள் மாலை சொல்கிற கணிப்பையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் பார்ப்போம்.

முதுகுளத்தூர்_வக்கீல்

ஒரு எச்சரிக்கை. படகு எண்ணோ ஆள் பெயரோ நோட்டில் இருக்கக் கூடாது. நாளைக்கு விபத்து என்று வந்தால், ஆபத்து தெரிந்தே போனார் என்று காப்பீட்டுக்காரர் அந்த நோட்டையே சாட்சியாகக் கேட்பார்.

தெற்குவாடி_டிரைவர்

சரி. பெயர் வேண்டாம். வடகடல், தென்கடல் இரண்டு பத்தி. காலையில் காற்றின் திசை, மத்தியானம் ஒரு தடவை. வலைக்கூடத்தில் தொங்கவிட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். எழுதுவதற்கு எங்கள் தெருவில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தங்கச்சிமடம்_மலர்

கார்த்திகை முதல் நாளிலிருந்து தொடங்கலாம். படிவத்தை நாளை இங்கேயே போடுகிறேன். பழையவர் ஐயா, அன்றைக்கு ஏற்றிய கூண்டு எண்ணுக்கும் ஒரு பத்தி வைக்கட்டுமா? ரஹ்மான் தம்பி, தென்கடல் பக்கம் பெரியபட்டினத்தில் குறிப்பெடுக்க உங்களால் முடியுமா?

பாம்பன்_பழையவர்: வையுங்கள். கூண்டு ஏறிய நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பெரியபட்டினம்_ரஹ்மான்: முடியும் அக்கா. எங்கள் கல்லூரியில் காற்றின் வேகம் அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது, சாரிடம் கேட்டு வாங்கிவிடுகிறேன். நோட்டில் வேகமும் எழுதலாம்.